வளையாத தண்ணீர்

நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்து உச்சியைத் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான், அந்த முடி தனக்கு இன்னும் ஐந்து நாளைக்கு வேண்டும் என்பதைச் சுவாமிநாதனால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். இந்த முடி எனக்கு வேணுமுங்க."

"குனிஞ்சுக்கங்க சாமி. உக்காந்த பெறகு எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்."

"பக்தியில கொறை இல்லீங்க. வர்ற வியாழக்கிழமை இதை வச்சு ஒரு சோலி இருக்கு."

"முடிய வச்சா?"

"ஆமா. சீப்பைத் தேய்க்கணும்."

நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு விசாலாட்சி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் தம்பி கந்தவேல், முடி காணிக்கைச் சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். சீட்டு வாங்கியவன் அவன் என்பதால் மொட்டையும் அவனுக்குத்தான் என்று சுவாமிநாதன் பொய்கைக்கரை வரைக்கும் நிம்மதியாக வந்துவிட்டார்.

"ஏங்க, தலைய ஆட்டாதீங்க. கத்தி பட்டுரும்," என்றாள் விசாலாட்சி.

"விசாலம், நான் சொல்றதக் கேளு. வேலை இன்னும்..."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "முடி எறங்குற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கண்ணு பட்டுரும்."

கத்தி இறங்கிவிட்டது.

சுவாமிநாதன் பழனியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியர். தற்காலிகம். ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் அவரை அனுப்பிவிடும். ஜூன் மாதம் திரும்பக் கூப்பிடும். இடையில் வருகிற மே மாதத்தில் அவர் யார் என்று அவருக்கே தெரியாது. யாராவது கேட்டால், "வாத்தியாரா இருந்தேன், இருப்பேன்னு நெனைக்கிறேன்," என்பார்.

பள்ளிக்கூடத்தின் நிர்வாகி சேனாதிபதிக்குக் கொடைக்கானலிலும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. மலைப் பள்ளிக்கூடம் என்பதால் அதற்கு மே மாதத்தில் விடுமுறை கிடையாது. இந்த வருஷம் ரசாயனத்துக்கு நிரந்தர வேலை ஒன்று போடப் போகிறார்கள் என்று ஜனவரியிலேயே பேச்சு வந்தது. ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்களாம். பாடம், புதிதாகச் சேர்த்திருந்த பகுதி: ஒரு மூலக்கூறு போலாரா, நான்-போலாரா என்று கண்டுபிடிப்பது எப்படி.

அதை அவர் முதலில் வீட்டில்தான் நடத்திப் பார்த்தார்.

"விசாலம், காவடியில ரெண்டு பக்கமும் ஒரே எடைச் செம்பு கட்டினா என்ன ஆகும்?"

"சாயாம நிக்கும்."

"அது நான்-போலார். ரெண்டு பக்கமும் இழுக்கத்தான் செய்யுது. ஆனா சமமா இழுக்குது. கரியமில வாயு அப்படி. தண்ணி அப்படி இல்ல. ரெண்டு செம்பையும் ஒரே பக்கமாச் சேத்துக் கட்டின மாதிரி. அது போலார்."

"அப்படிக் கட்டினா எடுக்குறவருக்குத் தோள்பட்டை போயிருமே."

"அதத்தான் சொல்றேன். தண்ணிக்குத் தோள் ஒரு பக்கமாப் போயிருக்கு."

விசாலாட்சி அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருந்தது. ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து தண்ணீரை நூல் போல விழவிட வேண்டும். பிளாஸ்டிக் சீப்பைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்து, அந்த நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தண்ணீர் சீப்பை நோக்கி வளையும். போலார். மண்ணெண்ணெயை அதே மாதிரி விட்டால், அது யாரையும் கண்டுகொள்ளாமல் நேராக விழும். நான்-போலார். இதற்கு வேண்டியது ஒரு சீப்பும், எண்ணெய் படாத தலையும்தான்.

எண்ணெய் படாத தலைக்குப் பழனியில் எங்கே போவது? தன் தலையையே அவர் தயார் செய்தார். பொங்கலிலிருந்து எண்ணெய் வைக்கவில்லை, முடியும் வெட்டவில்லை. பங்குனிக்குள் அது காதை மூடியது. தெருவில் பார்த்தவர்கள் கேட்டார்கள்.

"என்ன வாத்தியாரே, முடி வளக்குறீங்க போல?"

"ஆமாங்க. வேலைக்காகத்தான்."

அவர் உண்மையைத்தான் சொன்னார். ஊரும் அதை உண்மையாகத்தான் எடுத்துக்கொண்டது. வேலை கிடைத்தால் முடி இறக்குவதாக வாத்தியார் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்கள். விசாலாட்சியும் அப்படித்தான் நினைத்தாள். அவளும் தன் பங்குக்கு அதையே வேண்டிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், சேனாதிபதி சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்குச் சோதனை நன்றாக வேலை செய்தது. அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்தது. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்த சேனாதிபதியின் வேட்டியில், கிண்ணத்தில் விழ வேண்டிய தண்ணீர் முழுவதும் வளைந்து விழுந்தது. அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அத்தோடு முடிந்தது என்று சுவாமிநாதன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது.

ஏப்ரல் கடைசி. கடிதங்கள் கந்தவேலின் பஞ்சாமிர்தக் கடைக்குத்தான் வரும். கந்தவேல் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் இரண்டு தடவை தவறியவன். ஆனாலும் அத்தானுக்கு, அவன் வாயில் மச்சானுக்கு, வருகிற ஆங்கிலக் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான். அன்றும் படித்தான். படித்துவிட்டு ஓட்டமாக வந்து அக்காவின் காதில் ஏதோ சொன்னான். அக்கா கடிதத்தைக் கொண்டுபோய்ச் சோதனை மேசையில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, லெட்டர் வச்சிருக்கேன்."

"பாக்குறேன்," என்றார் சுவாமிநாதன், சீப்பைத் தலையில் தேய்த்துக்கொண்டே.

அன்றைக்குத் தண்ணீர் என்றும் இல்லாத அழகோடு வளைந்தது. வளைந்து, கிண்ணத்தைத் தாண்டி, கடிதத்தின் மேல் விழுந்தது.

கொடைக்கானல் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை லீலாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நீல மையில் எழுதுவார். அந்த நீலம் இப்போது காகிதம் முழுக்கப் பரவி, ஆகாயம் மாதிரி இருந்தது. அதில் அங்கங்கே சில வார்த்தைகள் மட்டும் பிழைத்துக் கிடந்தன. நடுவில் 'நிரந்தர' என்று ஒன்று. அதற்குக் கீழே 'மே 14, காலை பத்து மணி, கொடைக்கானல்'. பிறகு 'மாதிரி வகுப்பு', 'போலாரா, நான்-போலாரா'. கடைசியில் 'மார்க்'.

போதும். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன தெரிய வேண்டும்? முழுவதும் தெரிய வேண்டுமானால் கந்தவேலைத்தான் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் தவறியவனிடம் போய், ஆங்கிலக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது மாப்ளே என்று எந்த முகத்தோடு கேட்பது?

"லெட்டர் பாத்தீங்களா?" என்றாள் விசாலாட்சி சாயங்காலம்.

"பாத்தேன்."

"சந்தோஷம்தானே?"

"இதுல என்ன சந்தோஷம் இருக்கு? இனிமேதான எல்லாம் இருக்கு."

விசாலாட்சி அவரை மிகுந்த மரியாதையோடு பார்த்தாள். காணிக்கையைச் செலுத்தும் முன்னால் பூரிக்கக் கூடாது என்று இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளே நல்ல நாள் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்படித்தான் சுவாமிநாதன் மே ஒன்பதாம் தேதி, தலை நிறையச் சந்தனத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

மொட்டையை ஒன்றும் செய்ய முடியாது. வேறு தலை தேட வேண்டும். முதலில் விசாலாட்சியின் பின்னலை அவிழ்த்துச் சீப்பைத் தேய்த்தார். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் தேங்காய் எண்ணெய் குடித்த முடி அது. தண்ணீர் வளையவில்லை. சீப்பு மணத்தது, அவ்வளவுதான். கந்தவேலின் சுருட்டை முடியில் தேய்த்தார். அதில் எண்ணெயோடு பஞ்சாமிர்தமும் இருந்தது. சீப்பில் ஓர் எறும்பு ஏறியது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து மடியில் வைத்தார். பூனை இரண்டு தேய்ப்பு வரை ஒத்துழைத்தது. மூன்றாவதில் அவர் கையைக் கீறிவிட்டு ஓட்டில் ஏறிக்கொண்டது.

"மச்சான், கொடைக்கானல்ல துரைமார் புள்ளைகள்லாம் எண்ணெயே வைக்க மாட்டாகளாம்," என்றான் கந்தவேல். "அங்க போய் ஒரு தலையப் புடிச்சுக்கலாம். இதுக்குப் போயி ஏன் இப்படித் தவிக்கிறீக? உங்களுக்கென்ன இனி?"

"என் தலையெழுத்து உனக்குத் தெரியாது மாப்ளே."

கந்தவேல் சிரித்தான். அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

சீப்பு கைவிட்டாலும் காப்பாற்ற ஒரு மாதிரி உருவம் இருக்கட்டும் என்று, ஆயக்குடிக் கொய்யா மூன்றும் எலுமிச்சை மூன்றும் வாங்கினார். கொய்யா ஆக்ஸிஜன். இரண்டு எலுமிச்சை ஹைட்ரஜன். ஈர்க்குச்சியில் கோணலாகக் குத்தினால் தண்ணீர். மூன்றாவது எலுமிச்சை கார்பன். அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கொய்யாவை நேராகக் குத்தினால் கரியமில வாயு. சீப்பு, ப்யூரெட், மண்ணெண்ணெய்ப் புட்டி, பழங்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு விசாலாட்சி கொடுத்தனுப்பினாள். புது வேட்டியும் வாங்கி வைத்திருந்தாள்.

"தைரியமாப் போய்ட்டு வாங்க. யாரையும் ரொம்பக் கடிஞ்சு பேசாதீங்க."

"நான் எங்க கடிஞ்சு பேசறது? என்னைத்தான் பேசுவாக."

வத்தலக்குண்டில் பஸ் மாறினார். மலை ஏற ஆரம்பித்து நாலாவது வளைவில், முன் சீட்டு அம்மாள் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். மஞ்சள் பையிலிருந்து எலுமிச்சை வாசம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, ஒரே ஒரு பழம் குடுங்கண்ணே. கொடலப் பெரட்டுது."

கார்பன் போயிற்று. ஏழாவது வளைவில் அவள் மகளுக்கு ஒரு ஹைட்ரஜன். மேலே போகப் போக கண்டக்டரே வந்து தலையைச் சொறிந்தார். "சார், டிரைவருக்கு ஒரு மாதிரியா இருக்காம்." டிரைவருக்கு ஒரு மாதிரியாக இருப்பதைவிட, தண்ணீருக்கு ஒரு மாதிரியாக இருப்பதே மேல் என்று சுவாமிநாதன் கடைசி ஹைட்ரஜனையும் கொடுத்தார்.

கொடைக்கானலில் இறங்கியதும் குளிர் நேராகத் தலையில்தான் கை வைத்தது. பஸ் நிலையத்தில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கம்பளியில் தேய்த்தாலும் சீப்பில் மின்சாரம் ஏறும். பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது. முடியை எடுத்துக்கொண்ட முருகன் குல்லாவைக் கொடுத்துவிட்டான் என்று தோன்றியது.

அன்றிரவு தங்கிவிட்டு, காலையில் குல்லாவும் மஞ்சள் பையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வழியெல்லாம் மஞ்சு, மேகம் மாதிரியான மலைப் பனிமூட்டம், இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் ஆயா ராக்காயி நின்றிருந்தாள்.

"நீங்கதான் பழனி வாத்தியாருங்களா? வெள்ளனேயே வந்திருவீகன்னு பெரிய டீச்சரம்மா சொன்னாக."

வெள்ளித் தம்ளரில் காப்பி கொடுத்தாள். பிறகு, பென்சிலை நூலில் கட்டிய ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்க கையில குடுக்கச் சொன்னாக, குடுத்துட்டேன்."

பாடக் குறிப்பு எழுதிக்கொள்ளக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று அதை அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ராக்காயி, எலுமிச்சம்பழம் இருக்குமா? மூணு போதும்."

"எலுமிச்சையா? இந்தக் குளுருக்கு யாரு வாங்குறா? உருளைக்கெழங்குதான் மூட்டையாக் கெடக்கு."

மூன்று உருளைக்கிழங்கு கிடைத்தது.

வராந்தாவில் ஓர் இளைஞன் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவன் தலையைப் பார்த்ததும் சுவாமிநாதன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். எண்ணெயே காணாத முடி. பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. இவனும் அந்தச் சோதனையைத்தான் செய்யப் போகிறான். அவரைக் கண்டதும் இளைஞன் பதறி எழுந்து நின்றான்.

"உக்காருங்க தம்பி. பேரென்ன?"

"மணியன்ங்க சார். பரவால்லங்க சார், நிக்கிறேன்."

"நீங்களும் இதுக்குத்தானா?"

"ஆமாங்க சார். மூணு வருஷமாத் தற்காலிகம்."

"எனக்கு ஆறு."

"தெரியும்ங்க சார். கேள்விப்பட்டேன்."

ஆறு வருஷம் தேறாதவன் என்கிற பெயர் மலை மேல் வரைக்கும் வந்திருக்கிறது என்று சுவாமிநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனால் பையன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"பயப்படாதீங்க தம்பி. யாருக்குக் கெடைக்கணுமோ அவங்களுக்குக் கெடைக்கும்."

மணியன் ஏறக்குறைய அவர் காலைத் தொட்டுவிட்டான்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மூன்று நாற்காலிகள். ஓரங்களில் சேனாதிபதியும் லீலாவும் இருந்தார்கள். மெத்தை போட்ட நடு நாற்காலி காலியாக இருந்தது.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்று எழுந்தார் சேனாதிபதி. "இப்படி வந்து உக்காருங்க."

தன் மரியாதையைச் சோதிக்கிறார் என்று சுவாமிநாதனுக்குப் புரிந்தது. "இல்லீங்கய்யா. இன்னிக்கு நான் உக்காரக் கூடாது. நின்னுதான் செய்யணும்."

"அப்ப ஆரம்பிச்சுரலாமா?" என்றார் லீலா.

"இப்பவே ஆரம்பிச்சுடறேன்ம்மா."

மணியன் சாக்பீசோடு பாதி எழுந்தான். சுவாமிநாதன் அவனைக் கையமர்த்தினார். "தம்பி, நான் முடிச்சுக்கறேன்." மணியன் உடனே உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுதத் தயாரானான். சேனாதிபதி லீலாவைப் பார்த்தார். லீலா சேனாதிபதியைப் பார்த்தார். 

மேசை ஒரு பக்கம் ஆடியது. ராக்காயி கொடுத்த நோட்டை ப்யூரெட் தாங்கிக்கு அடியில் சொருகி அவர் சமப்படுத்திக்கொண்டார். பிறகு பழங்களை எடுத்தார்.

"இது தண்ணி. நடுவுல கொய்யா, ஆக்ஸிஜன். ரெண்டு பக்கமும் உருளைக்கிழங்கு, ஹைட்ரஜன்."

முன் பெஞ்சுச் சிறுமி கை தூக்கினாள். "சார், ஹைட்ரஜன்தானே சிறுசு? ஆக்ஸிஜனைவிடப் பெரிசா இருக்கே."

"ஆமாம்மா. அது எலுமிச்சையா இருந்துச்சு. பஸ்ல போயிருச்சு."

மணியன் அதையும் எழுதிக்கொண்டான்.

"இப்ப கரியமில வாயு. இது நேரா இருக்கும். காவடி மாதிரி ரெண்டு பக்கமும் சமம். அதனால நான்-போலார்." இரண்டு கொய்யாவையும் தூக்கிப் பிடித்தார். ஈர்க்குச்சி பாரம் தாங்காமல் இரண்டு பக்கமும் தொங்கியது.

"சார், வளையுது சார்," என்றது பெஞ்சு முழுவதும்.

"வளையக் கூடாது."

"அப்ப போலாரா சார்?"

"குச்சி போலார். வாயு இல்ல." சொன்ன பிறகு அவருக்கே குழப்பமாக இருந்தது. "அத விடுங்க. கண்ணால காட்டறேன்."

ப்யூரெட்டைத் திறந்தார். தண்ணீர் நூல் போல இறங்கியது. குல்லாவைக் கழற்றினார். மொட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். சேனாதிபதி மட்டும் கும்பிடுகிற மாதிரி நெஞ்சில் கை வைத்தார். சுவாமிநாதன் சீப்பைக் கம்பளியில் இருபது தடவை தேய்த்துத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

தண்ணீர் நேராக விழுந்தது.

குல்லாவைத் தொட்டுப் பார்த்தார். வரும் வழியெல்லாம் மஞ்சைக் குடித்து, பிழிந்தால் வடியும் போல இருந்தது. வேறு வழியில்லை. திரும்பினார்.

"தம்பி மணியன், தப்பா நெனைக்காதீங்க. உங்க தலையக் கொஞ்சம் குடுக்க முடியுமா?"

எதிரியின் ஆயுதத்தைக் கேட்கிறோம், கொடுப்பானா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. மணியன் உடனே எழுந்து வந்து, மேசைக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றான். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா என்று சுவாமிநாதனுக்குக் கண் கலங்கியது. தேய்த்தார். முடி சடசடத்தது. மேசையில் கிடந்த ஒரு காகிதத் துணுக்கு சீப்பில் துள்ளி ஒட்டியது. வெற்றியோடு தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

அதே நேரம் திறந்திருந்த ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்தது. அவசரமில்லாமல், கடைசிப் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக மறைத்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தது. சீப்பிலிருந்த காகிதம் தானாக உதிர்ந்தது. தண்ணீர் நேராக விழுந்தது.

"ஈரம்," என்றார் சுவாமிநாதன், வாசலில் எட்டிப் பார்த்த ராக்காயியின் பக்கம் திரும்பி. "காத்துல ஈரம். ராக்காயி, ஜன்னலச் சாத்தும்மா. வெரசா ஒரு கணப்புச் சட்டி கொண்டா."

கணப்பு வந்தது. கரி ஈரமாக இருந்ததால் புகையும் வந்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். ராக்காயி மேசையிலிருந்த புட்டியை மோந்து பார்த்தாள்.

"நல்ல கூத்து. மண்ணெண்ணெய வச்சுக்கிட்டா நெருப்பக் கேட்டீக?" புட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான்-போலார் அவளோடு போயிற்று.

இனி தண்ணீர் ஒன்றுதான். சீப்பை உலர்த்த வேண்டும் என்று கணப்பின் மேல் காட்டினார். கொஞ்சம் கூடுதலாகவே காட்டிவிட்டார் போலிருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது, அந்த நீலச் சீப்பு அரைவட்டமாக, பற்களெல்லாம் வானத்தைப் பார்க்க வளைந்திருந்தது. அந்தச் சீப்பு, அவர் காலமாகிவிட்ட பிறகும், விசாலாட்சியின் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 

"சார்," என்றாள் முன் பெஞ்சுச் சிறுமி மெதுவாக, "குச்சி வளையுது, சீப்பு வளையுது. தண்ணி மட்டும் வளைய மாட்டேங்குது. அப்ப தண்ணி நான்-போலார்தானே?"

சுவாமிநாதன் தண்ணீரைப் பார்த்தார். அது நேராக, ஒழுக்கமாக, யாரோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல விழுந்துகொண்டிருந்தது. கிண்ணம் நிறைந்து வழிந்து, மேசையில் ஓடி, தாங்கிக்கு அடியில் போனது. அதை நிறுத்தவும் அவருக்குத் தோன்றவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார்.

"இல்லம்மா. தண்ணி போலார்தான். அதோட உருவமே ஒரு பக்கமாச் சாஞ்சதுதான். இன்னிக்கு வளையலன்னா குத்தம் தண்ணி மேல இல்ல. எனக்கு முடி இல்ல, உங்க ஊர்ல வெயில் இல்ல. காட்ட முடியலங்கிறதுக்காக இருக்கிறத இல்லன்னு சொல்லிரக் கூடாது."

 அவர் குல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலிகளின் பக்கம் வந்தார்.

"ஐயா, அம்மா, இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல. பொங்கல்லேருந்து இதுக்காகவே முடி வளத்தேன். வீட்டுல அவ பாவம், கெடைக்கிறதுக்கு முன்னாலயே காணிக்கையக் குடுத்துட்டா. ஆறு வருஷமா இந்த ஒரு வேலையத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பாத்துச் செய்யுங்க."

 லீலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க என்ன சார் செய்யறது?" என்றார் சேனாதிபதி கடைசியில், மிகவும் குழம்பிப்போய். "இன்னிக்கு எல்லாம் உங்க கையிலதான இருந்துச்சு."

இருந்தது. கெடுத்துக்கொண்டாயே என்கிறார். சுவாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வளைந்த சீப்பையும் கொய்யாவையும் மஞ்சள் பையில் போட ஆரம்பித்தார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாரைக் கேட்பது என்று யோசித்தார். விசாலாட்சியிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று யோசித்தார்.

தலைமுடி நாலா பக்கமும் நட்டுக்கொண்டு நிற்க, மணியன் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"சார், உங்க வேலைதான் போன மாசமே நிரந்தரமாயிருச்சே, இன்னிக்குப் பாடம் எடுக்க வேண்டியவன் நானு, எனக்கு மார்க் போட வேண்டியவரு நீங்க, அந்த மார்க் நோட்டுதான் சார் ப்யூரெட்டுக்கு அடியில நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கு."